கயிற்றை உருவுவதற்கு முன்

இடுக்கி என்ற பெயர் இடுக்கு என்ற சொல்லிலிருந்து வந்தது. மலையாளிகளுக்கும் நமக்கும் அந்தச் சொல் பொது. கதவிடுக்கு, பல்லிடுக்கு என்று நாம் தினமும் புழங்குவதுதான். குறவன், குறத்தி என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே பெரியாறு நெருக்கிக்கொண்டு ஓடிய இடத்தை, கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர் வேட்டைக்கு வந்த தோட்ட அதிகாரி ஒருவருக்குக் காட்டிக்கொடுத்தார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. பிற்பாடு அதே இடத்தில் ஏறத்தாழ 169 மீட்டர் உயரத்துக்கு வளைவு அணை எழுந்தது. 1976இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இரண்டு பக்கமும் பாறை அவ்வளவு நெருக்கமாகவும் உறுதியாகவும் இருந்ததால், தண்ணீரின் தள்ளலை அணையின் வளைவு வாங்கிப் பாறை மீது சாய்த்துவிட முடிந்தது.

மாவட்டத்துக்கே மலையிடுக்கின் பெயர் அமைந்த ஒரு மலைத்தொடரில், மலையிடுக்கில் இறங்குவது என்றால் என்ன என்பதில் நமக்குள்ள குழப்பம் கொஞ்சமல்ல. அந்தக் குழப்பம் வெட்டவெளிச்சமானது இடுக்கியில் இல்லை, சற்று வடக்கே, பாலக்காட்டில்.

2022 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. மலம்புழா அணையும் யட்சி சிலையும் பார்க்கப் போகும் தமிழ்நாட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பும் குரும்பாச்சி மலையில், நண்பர்களோடு ஏறப் போன இருபத்துமூன்று வயது உள்ளூர் இளைஞர் ஒருவர் சறுக்கி, செங்குத்தான பாறை முகத்தில் ஒரு பொந்து போன்ற இடுக்கில் சிக்கிக்கொண்டார். கால் அடிபட்டிருந்தது. அலைபேசியில் படம் எடுத்து அனுப்பி உதவி கேட்டார். பிறகு பேட்டரி தீர்ந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, தீயணைப்புத் துறை வந்தது, கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்திலிருந்தும் பெங்களூரு பாராசூட் ரெஜிமெண்ட் மையத்திலிருந்தும் ராணுவக் குழுக்கள் வந்தன. லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் தலைமையில் இரவோடு இரவாக மலையேறினார்கள். 9ஆம் தேதி காலை, சிக்கி 45 மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு, ஒரு வீரர் மேலிருந்து கயிற்றில் இறங்கி அந்த இளைஞரை எட்டினார். முதலில் கொடுத்தது தண்ணீர். பிறகு இருவரையும் சேர்த்து மேலே இழுத்தார்கள்.

கேரளமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளும், அதற்குப் பின் வந்த பல வாரங்களும், ஒரே விவாதம்: அவர் வீரரா, விதிமீறியா? தேநீர்க்கடையில் ஒரு கட்சி, சட்டமன்ற வளாகத்தில் இன்னொரு கட்சி. வனத்துறை வழக்குப் போடலாமா கூடாதா என்று அலைமோதியது. சில நாளிலேயே இரவில் அதே மலையில் டார்ச் வெளிச்சம் தெரிந்து, ஏறியிருந்த இன்னொருவரைத் தேடிப்போய் இறக்க வேண்டியிருந்தது. இந்த வாதத்தில் யார் வென்றார்கள் என்பதில் நமக்கு அக்கறை இல்லை. வாதத்தின் சத்தத்தில் எல்லோர் கண்ணிலிருந்தும் நழுவிய ஒன்று உண்டு. காப்பாற்ற வந்தவர்கள் கீழேயிருந்து பாறையில் தொற்றி ஏறவில்லை. வேறு வழியாக மலையுச்சிக்குப் போய், அங்கே கயிற்றைக் கட்டி, மேலிருந்து கீழே இறங்கினார்கள். அந்த இளைஞருக்கும் அந்த வீரருக்கும் நடுவே இருந்த வேறுபாடு துணிச்சலில் இல்லை. துணிச்சல் இருவருக்கும் இருந்தது. ஒருவர் தலைக்குமேல் கயிறு இருந்தது. மற்றவர் தலைக்குமேல் எதுவும் இல்லை.

ஆகவே முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பாதையில் நடந்து மலையேறுவது ட்ரெக்கிங். கையும் காலும் ஊன்றிப் பாறையில் தொற்றுவது வேறு. குரும்பாச்சியில் நடந்தது அது, அதுவும் கயிறில்லாமல். இடுப்பில் வார் மாட்டி, கயிற்றைப் பிடித்துப் பாறையில் காலை ஊன்றியபடி கட்டுப்பாடாக இறங்குவது ராப்பெல்லிங். ஓடையோ ஆறோ அறுத்த இடுக்கின் தலையில் தொடங்கி, நடந்தும் நீந்தியும் தாவியும், முடியாத இடத்தில் கயிறு கட்டியும், அதன் வால் வரை போய் வெளியேறுவது கேன்யனியரிங். மூணாறிலும் வாகமணிலும் பாறை மேலிருந்து கயிற்றில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துத் தருகிறார்களே, அது ராப்பெல்லிங்கின் ஒரு சுவை மட்டும். அதில் கயிறு கட்டியவர் வேறு, இறங்குபவர் வேறு; கீழே வந்தால் ஜீப் நிற்கும். ஒரு முறை அப்படி இறங்கியவர் தனக்கு ராப்பெல்லிங் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நண்பரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் வில்லங்கம்.

கேன்யனியரிங்கைப் பற்றி வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதெல்லாம் பாலைவனத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செம்மணற்பாறையைத் தண்ணீர் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அறுத்து, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்துக்குப் பிளவுகளை உண்டாக்கியிருக்கிறது. நம் மலைகளில் அப்படிப்பட்ட பிளவுகள் அரிது, ஏனென்றால் இங்கே இருப்பது கருங்கல் வகையைச் சேர்ந்த கடும்பாறை. மணற்பாறை போல எளிதில் அறுபடாது. வெங்காயத் தோல் உரிவதுபோல ஏடு ஏடாக உரிந்து மொழுமொழுவென்று உருண்ட முகமாக நிற்கும். ஓடைகள் உருண்டைக் கற்களுக்கு நடுவே குதித்துக் குதித்து இறங்கும். எனவே இங்கே கேன்யன் என்று சொல்லத்தக்கது, அருவிகளும் பள்ளங்களும் மாறிமாறி வரும் ஓடைத் தடம்தான்.

சரி, பாலைவனம்? அதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் பாலை இருக்கிறது. பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்து கொள்ளும் கோலமே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வது இந்தத் தமிழக-கேரள எல்லை மலைகளை வந்து பார்த்துவிட்டுச் சொன்னது போலவே இருக்கும். மாசி பங்குனியில் வாளையாற்றிலிருந்து மலம்புழா வரையிலான பாறைச் சரிவுகளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேரளத்தில் 40 டிகிரி வெயில் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் பாலக்காடு.

இடுக்கியின் வடகிழக்கு மூலையில் இன்னும் தெளிவான பாலை உண்டு. மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைச் சாலையில் மறையூரைத் தாண்டினால் தேயிலையின் பச்சை சட்டென்று அறுந்து, முள்மரமும் கள்ளியும் தொடங்கிவிடும். ஆனைமுடியும் சுற்றுமலைகளும் தென்மேற்குப் பருவமழையைக் குடித்துவிட, இந்தப் பக்கம் மழை மறைவாகிவிடுகிறது. மூணாறு பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டும் மழை, சின்னாறு சரணாலயத்தில் சுமார் 500 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. இரண்டுக்கும் இடையே பேருந்தில் சில மணி நேரம்தான். இந்த வறண்ட பள்ளத்தாக்கின் நடுவே ஓடுகிறது பாம்பாறு. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. தமிழ்நாட்டுக்குள் நுழைந்து அமராவதி அணையில் சேர்வது. அதன் தலை ஆனைமுடிப் பக்கத்து மழைக்காட்டில், உடல் முள்காட்டில். இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு நண்பர்கள் ஒரு நாள் இப்படிப்பட்ட இடத்தில், அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களாக, இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று என்ன நடக்கும்?

முதலில், ஒன்றும் நடக்காது. நடை. கயிறு, வார், தலைக்கவசம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. வெயிலில் ஏறும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வியர்க்கும், எனவே மூட்டையில் பெரும்பாரம் தண்ணீர்தான். மலையேற்றத்தில் உச்சி பாதி தூரம். இடுக்கில் இறங்கும்போது உச்சிதான் தொடக்கம். அதாவது களைத்த பிறகுதான் ஆபத்தான வேலை ஆரம்பமாகிறது. இந்தத் தலைகீழ் வரிசையைப் புதியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் செங்குத்து வந்ததும் கயிறு வெளியே வருகிறது. இந்தக் கயிறு எப்படி ஆளைத் தாங்குகிறது என்று கேட்டால், வலுவாக இருப்பதால் என்பார்கள். பாதி விடை. 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல இறங்கு கயிறு இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும், உள்ளே இழைகளும் வெளியே நெய்த உறையுமாக இருக்கும், ரப்பர் போல அதிகம் நீளாது. ஆனால் இறங்குபவரைக் காப்பது கயிற்றின் வலுவைவிட உராய்வு. ஜல்லிக்கட்டுக் காளையை அடக்கிப் பிடிக்க நாலு பேர் திணறுவார்கள். அதே காளையின் கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பத்து வயதுப் பையன் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒரு சுற்றில் பிடி ஆறு மடங்கு கூடுகிறது என்றால், இரண்டாம் சுற்றில் அது பன்னிரண்டு ஆவதில்லை; ஆறை ஆறால் பெருக்கி முப்பத்தாறு ஆகிறது. இறங்குபவரின் இடுப்பில் தொங்கும் எட்டு வடிவ உலோக வளையம் செய்வது அந்த மரத்தின் வேலைதான். கயிறு அதில் வளைந்து நெளிந்து போவதால், எழுபது கிலோ ஆளை ஒரு கையின் லேசான பிடி நிறுத்திவிடுகிறது. கையை இடுப்புக்குக் கீழே பின்னுக்கு இழுத்தால் நிற்கும். மெல்ல விட்டால் இறங்கும். அந்தக் கை கயிற்றை விட்டால் எல்லாம் போயிற்று. அதனால் அதற்கு பிரேக் கை என்று பெயர்.

உராய்வு சும்மா வருவதில்லை, சூடாக மாறும். எழுபது கிலோ ஆள் 30 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், டீக்கடை கிளாஸில் முக்கால் பங்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதி கைப்பிடியளவு உலோக வளையத்துக்குள் இறங்குகிறது. சினிமாவில் போல விர்ரென்று இறங்கி, வளையத்தைக் கையால் தொட்டவர் அப்புறம் விர்ரென்று இறங்குவதில்லை. நிதானமாக இறங்கினால் சூடு காற்றில் கலைய நேரம் கிடைக்கும். ஏற்கெனவே வெயிலில் காய்ந்த பாறையும் உலோகமும் உள்ள இடத்தில் இது இன்னும் முக்கியம்.

அடுத்தது கயிற்றை எதில் கட்டுவது. மரமா, பாறையா, அடித்து இறக்கிய போல்ட்டா? காய்ந்த காட்டில் மரம் உயிரோடிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரமும் செத்த மரமும் ஒன்று போலத் தெரியும். பட்டையைக் கீறிப் பார்த்தால்தான் உள்ளே பச்சை தெரியும். ஒரு கட்டு போதாது, இரண்டு வேண்டும், ஒன்று போனாலும் மற்றது நிற்க. இங்கே ஒரு நுட்பம். துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாகக் கட்டிய கொடி ஈர வேட்டியைச் சுலபமாகத் தாங்கும். இழுத்து விறைப்பாகக் கட்டிய கொடியில் அதே வேட்டியைப் போட்டால் இரு பக்கக் கம்பங்களும் உள்ளே சாயும். இரண்டு கட்டுகளுக்கு இடையே கோணம் விரிய விரிய இப்படித்தான் ஒவ்வொன்றின் மேலும் இழுப்பு ஏறுகிறது. கோணம் 120 டிகிரி ஆகும்போது, பகிர்ந்துகொள்ள வேண்டிய இரண்டும் தனித்தனியே முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. கட்டு இரண்டு இருந்தும் பாரம் குறைவதில்லை.

இப்போது ராப்பெல்லிங் என்ற பெயருக்கு வருவோம். ராப்பெல் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இறங்குதல் என்று பொருளில்லை. திரும்ப அழைத்தல் என்று பொருள். 1870களில் ஆல்ப்ஸ் மலையில் ஷாமொனி ஊர் வழிகாட்டி ஒருவர் ப்தி த்ரூ என்ற சிகரத்திலிருந்து இறங்க இந்த முறையைக் கையாண்டார் என்பது மலையேற்ற வரலாறு. கயிற்றை இரட்டையாக மடித்து மேலே வளையத்திலோ மரத்திலோ மாட்டி, இறங்கியதும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் கயிறு முழுவதும் கீழே வந்துவிடும். கயிற்றைத் திரும்ப அழைத்துக்கொள்வதுதான் ராப்பெல். அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு வேண்டுமே.

இந்தச் சொல்லில்தான் முழு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கயிற்றை உருவியதும் மேலே போகும் வழி அடைந்துவிடும். பின்னால் ஏற முடியாத பாறை, முன்னால் பார்க்காத பள்ளம். அடுத்த இறக்கம் 40 மீட்டராக இருந்து கையிலுள்ள கயிறு 30 மீட்டர்தான் எட்டும் என்றால்? அடுத்த கட்டுமிடத்தைப் போன மழை அடித்துக்கொண்டு போயிருந்தால்? நடையில் வழி தவறினால் திரும்பி நடக்கலாம். இங்கே முடியாது. ஆகவே தேர்ந்தவர்கள் கயிற்றை உருவும் முன் சில கேள்விகளை வாய்விட்டுக் கேட்டுக்கொள்வார்கள்: அடுத்து என்ன என்று தெரியுமா, கயிறு எட்டுமா, நேரம் இருக்கிறதா, வெளியேறும் பாதை எது? ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் கயிறு தொங்கியபடியே இருக்கும். அதைப் பிடித்து மேலே ஏறித் திரும்பிவிடலாம். அதற்கென்று ப்ருஸிக் முடிச்சு இருக்கிறது. இழுத்தால் இறுகி, விட்டால் நகரும் இந்த முடிச்சை கார்ல் ப்ருஸிக் என்ற ஆஸ்திரிய மலையேற்றக்காரர் 1931இல் அறிமுகப்படுத்தினார். கைக்கெட்டும் துண்டுக் கயிறு இரண்டு இல்லாமல், இந்த முடிச்சும் தெரியாமல் இறங்குபவர் ஒருவழிப் பயணச்சீட்டு வாங்கியவர்.

குரும்பாச்சி இளைஞர் கயிற்றை உருவவில்லை, அவரிடம் கயிறே இல்லை. ஆனால் அவர் அகப்பட்டதும் இதே நிலையில்தான்: மேலே ஏற முடியாது, கீழே இறங்க முடியாது. செங்குத்தில் ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதைப் பூனைகளும் பூவரச மரத்தில் ஏறிய குழந்தைகளும் அறிவார்கள். ஏறும்போது கண்ணும் கையும் பிடிப்பை முதலில் காண்கின்றன. இறங்கும்போது கால்தான் தடவித் தேட வேண்டும்.

இனி, நண்பர். இந்த விளையாட்டுக்கு நண்பரோடு போவது பேச்சுத்துணைக்கு என்று நினைத்துவிடக் கூடாது. நண்பரும் உபகரணத்தில் சேர்த்தி. புறப்படும் முன் ஒருவர் வாரின் பக்கிளை இன்னொருவர் தொட்டு, இழுத்துப் பார்க்க வேண்டும். பார்வையால் மட்டும் போதாது. முதலில் இறங்குபவர் கயிற்று நுனி தரையைத் தொடுகிறதா என்று தெரியாமலே இறங்குகிறார், எனவே நுனியில் முடிச்சுப் போடுவது பழக்கம். முடிச்சில்லாத நுனி வழியாக நழுவி விழுவது, பழகியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. கீழே போய்ச் சேர்ந்தவர் அங்கே உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்க முடியாது. கயிற்றின் தொங்கும் பகுதியைத் தளர்வாகக் கையில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி நிற்க வேண்டும். இறங்குபவரின் கை நழுவினாலோ கல் விழுந்து நினைவு தப்பினாலோ, கீழே இருப்பவர் கயிற்றை இறுக்கி இழுத்தால் போதும். அதே உராய்வு வேலை செய்து, மேலே தொங்குபவர் அந்தரத்தில் நின்றுவிடுவார். ஒருவரின் பிரேக் இன்னொருவர் கையில்.

இது ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் கண்டுபிடித்த ஞானம் ஒன்றும் இல்லை. பறம்பிக்குளத்துக் காடர்கள், அட்டப்பாடி இருளர், குறும்பர், இடுக்கி முதுவர் ஆகியோரின் முன்னோர்கள் செங்குத்துப் பாறைகளில் தொங்கும் மலைத்தேன் கூடுகளை எட்ட, கொடிகளை முறுக்கி ஏணி செய்து இரவில் இறங்கியவர்கள். மேலே கொடியைக் காவல் காப்பது மைத்துனன் வேலை என்ற வழக்கம் தேன் எடுக்கும் பழங்குடிகள் சிலரிடம் உண்டு. காரணம் வெளிப்படை: கொடி அறுந்தால் விதவையாகப் போவது அவன் உடன்பிறந்தவள். நவீன மலையேற்றப் பள்ளிகள் சான்றிதழ் கொடுத்துத் தீர்க்கப் பார்க்கும் சிக்கலை, உறவுமுறை கொண்டு தீர்த்திருக்கிறார்கள்.

அந்தத் தேனீக்களை மறந்துவிடவும் கூடாது. மலைத்தேனீ கூடு கட்டுவது நாம் இறங்க விரும்பும் அதே மாதிரிச் செங்குத்தின் நெற்றியில்தான். கூச்சலும் வாசனைத் திரவியமும் புகையும் அவற்றைக் கிளப்பிவிடும். தரையில் தேனீ துரத்தினால் ஓடலாம். கயிற்றில் தொங்குபவர் எங்கே ஓடுவார்?

மேலே பாம்பாறு பற்றிச் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்வோம். மழை மறைவில் நிற்பவரின் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். ஆனால் அந்த ஓடையின் தலை இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி மேகத்துக்குள் இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். திறந்த ஆற்றில் அது பரவி வரும். இடுக்கில் பரவ இடமில்லாததால் உயரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற அழகான பிளவுக்குள் 11 சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. அவ்வளவு தூரம் போவானேன். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது காட்டாற்று வெள்ளம் திடீரென்று இறங்கி, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, வாசனை மாறுவது, ஓசை கனப்பது எல்லாம் அறிகுறிகள்தான். அகலமான ஆற்றங்கரையில் அவை போதும். நாற்பதடிச் சுவருக்குள் நிற்பவருக்கு அறிகுறி தெரியும்போதே தாமதம். அங்கே பார்க்க வேண்டியது தலைக்கு மேலுள்ள வானத்தை இல்லை, ஓடையின் தலையிலுள்ள வானிலையை. அதுவும் உள்ளே நுழைவதற்கு முன்பே.

வறண்ட காலத்தில் போனால் வெள்ளப் பயம் இல்லையே என்று தோன்றும். அப்போது தீ. 2018 மார்ச் 11 அன்று, இடுக்கி எல்லையிலுள்ள கொழுக்குமலைக்குப் போய்விட்டு தேனி மாவட்டக் குரங்கணி பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். தீக்குத் தப்ப அவர்களில் பலர் பள்ளத்தை நோக்கி ஓடினார்கள். மனித இயல்பு அது. ஆனால் சரிவிலுள்ள பள்ளம் தீக்குப் புகைபோக்கி போல வேலை செய்யும். சூடான காற்று அதன் வழியாகத்தான் மேலே உறிஞ்சப்படும். ஒரே பள்ளம் மழைக்காலத்தில் குழாய், கோடையில் புகைபோக்கி.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு முதலில் தடை போட்டது, பின் அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் தேர்ந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, இணையவழி முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளுமாகத் திறந்துவிட்டது. தீக்காலத்தில் மூடுகிறார்கள். குறைகள் உண்டு, கட்டணம் அதிகம் என்ற முணுமுணுப்பும் உண்டு. ஆனால் திசை சரி. கேரளத்தில் சாகசச் சுற்றுலாவுக்கென்று அரசுச் சங்கமே இருக்கிறது. சின்னாறில் முதுவர், மலைப்புலையர் சமூகத்தவர்கள் வழிகாட்ட, தூவானம் அருவிக்கு அனுமதியோடு நடக்கலாம். குரும்பாச்சி போன்ற மலைகளோ வெறும் தடைப்பலகைகளாக நிற்கின்றன. அனுமதியின்றிக் காட்டில் நுழைவது கேரள வனச் சட்டப்படி குற்றம், அதில் ஐயமில்லை. குற்றம் என்று எழுதிய பலகையை ஒட்டி, எங்கே போகலாம் என்று சொல்லும் பலகையும் இருந்தால், இருபத்துமூன்று வயதுக் கால்கள் இரண்டாவதன் பக்கம் திரும்ப ஒரு வாய்ப்பாவது இருக்கும் என்பது நம் கருத்து. கூடவே, பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தீயணைப்பு நிலையங்களில் கயிற்று மீட்புக்குப் பழகிய சிறு குழு ஒவ்வொன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் வரும் வரை ஒருவர் தண்ணீரில்லாமல் பொந்தில் உட்கார்ந்திருந்ததைச் சாதனைக் கதையாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது சரியில்லை.

இன்னொரு இடுக்குக் கதை தமிழர்களுக்குப் பின்னணி இசை வழியாகத் தெரியும். 2003 ஏப்ரலில் யூட்டாவில் ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் தனியாக ஒரு பிளவில் இறங்கியபோது, உருண்ட பாறை அவர் வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் போராட்டத்துக்குப் பிறகு தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ராப்பெல் செய்து வெளியேறினார். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ படம் இதைத்தான் சொல்கிறது. படம் பார்த்தவர்கள் கத்தியைப் பற்றியே பேசுவார்கள். அவர் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம். தேடுபவர்களுக்கு எந்த இடுக்கு என்றே தெரியாது. குரும்பாச்சியில் இடம் தெரிந்திருந்தது, அதனால்தான் 45 மணி நேரத்தோடு முடிந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு துண்டுச்சீட்டு போதும்: எந்த ஓடை, எங்கே நுழைவு, எங்கே வெளியேற்றம், எத்தனை மணி தாண்டினால் யாரை அழைக்க வேண்டும்.

வாசகர்களில் பெரும்பாலோர் சொந்தக் கயிறு வாங்கப் போவதில்லை. விடுமுறைக்கு மூணாறு பக்கம் போனபோது, பிள்ளைகள் நச்சரிக்க, கட்டணம் கட்டி ஒரு பாறை விளிம்பில் நிற்பார்கள். அவர்களுக்காக ஒன்று. அந்த இடத்தில் கயிறு புதிதாகத் தெரிகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை; உறை நன்றாக இருந்தாலும் உள்ளிழை அறுந்தது கண்ணுக்குத் தெரியாது. கட்டு ஒன்றா இரண்டா, கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரா என்று பாருங்கள். பிறகு கயிற்று நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய தேதி, எத்தனை நாள் பயன்பட்டது, எப்போது கல் விழுந்தது, எப்போது கழுவியது என்று எழுதி வைத்திருப்பார்கள். கேட்டதும் சிரித்தபடி எடுத்து நீட்டினால் வாரை மாட்டிக்கொள்ளலாம். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், தைரியமா இறங்குங்க’ என்று பதில் வந்தால், பிள்ளைகளுக்குப் பக்கத்துக் கடையில் கேரட் வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.